ஒரே விளையில் இரண்டு வீடு, இரண்டு தீர்வை

வீட்டுத் தீர்வை, அதாவது வீட்டு வரி, கூடிப்போச்சு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால், அடுத்த வாக்கியம் பெரும்பாலும் பக்கத்து வீட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். தனக்கு எவ்வளவு வந்தது என்பதைவிட, அவனுக்கு ஏன் குறைவாக வந்தது என்பதுதான் மனதில் கிடந்து உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்குப் பதில் கிடைக்காத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரையோ பிடித்திருப்பான், ஏதோ கொடுத்திருப்பான் என்று ஆளாளுக்கு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் பாதி நேரம் சொந்தக்காரர்தான். ஒரு விளையை, அதாவது தோட்ட நிலத்தை, பாகம் வைத்து, அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று அடுத்தடுத்து வீடு கெட்டிக் குடியிருக்கிற ஊர் இது. அதனால் இந்தச் சந்தேகம் தெருவோடு நிற்பதில்லை, கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் வரும்.

எங்கள் குடும்பத்தில் வந்தது. பாட்டா, அதாவது அம்மையின் அப்பா, விட்டுப்போன விளையில் முன்பாதி பெரியம்மைக்கும் பின்பாதி அம்மைக்கும் கிடைத்தது. இரண்டு வீட்டையும் ஒரே கொத்தனார்தான் கெட்டினார், ஒரே பிளான். சமையலறை ஜன்னல்கூட இரண்டிலும் ஒரே பக்கம்தான் இருக்கும். அளவு 1,140 சதுர அடி, இரண்டும் கான்கிரீட் வார்ப்பு. எங்களுக்கு அரையாண்டுக்கு 954 ரூபாய். பெரியம்மைக்கு 1,670. பெரியப்பா இறந்த பிறகு பென்ஷனில் காலம் தள்ளுகிறவள் அவள். "ஒரே கொத்தனார் கெட்டின வீடுதானே மக்கா, எனக்கு மட்டும் எதுக்கு இரட்டிப்பு?" என்று ஒருநாள் என்னிடமே கேட்டாள். அதில் கேள்வி பாதிதான். மீதிப் பாதி, என் அப்பா எதையோ சரிக்கட்டியிருக்கிறார் என்ற மனத்தாங்கல். அப்பா அப்படிச் செய்யக்கூடியவர் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் 954-க்கும் 1,670-க்கும் என்ன காரணம் என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. அப்பா நல்லவர் என்பது தீர்வை ரசீதுக்குப் பதில் ஆகாதே.

வாடகை இல்லாத வாடகை

தீர்வை என்பது வீட்டின் விலைக்குப் போடுவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றிலும் நெடுங்காலமாக அடிப்படையாக இருந்துவருவது ஆண்டு வாடகை மதிப்பு. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு தொகையை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் இத்தனை சதவீதம் அரையாண்டு வரி. அந்த வாடகையை வீடு வீடாகக் கேட்டு எழுதுவதும் இல்லை. ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு அடிப்படை மதிப்பு வைத்திருப்பார்கள். கடைத்தெருவும் பஸ் போகிற ரோடும் மேலே, உள்ளே போகப்போகக் கீழே. அந்த மதிப்பைக் கட்டடத்தின் பரப்பால் பெருக்கி, கூரையா ஓடா வார்ப்பா, குடியிருப்பா கடையா, புதுசா பழசா என்று பார்த்து ஏற்றுவார்கள், இறக்குவார்கள். நூலக வரியும் இதோடு சேர்ந்துதான் வசூலாகிறது, ரூபாய்க்குப் பத்துக் காசு. தண்ணீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம் எல்லாம் தனி. பலர் எல்லாவற்றையும் கூட்டி 'தீர்வை' என்று சொல்லிவிடுவதால், பக்கத்து வீட்டோடு ஒப்பிடும்போதே பாதிக் குழப்பம் வந்துவிடுகிறது.

ஊராட்சியில் இதே வீட்டுக்கு வேறு கணக்கு. அங்கே 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் வருவது வீட்டு வரி. பெரும்பாலும் தரைப் பரப்பையும் கூரையின் வகையையும் வைத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று போய்விடும். மெயின் ரோடா, ஊடுவழியா என்பதற்கு அதில் பெரிய வேலை இல்லை. நம் மாவட்டத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்து மக்களில் 82 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறத்தார். வெளியூர்க்காரர்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள். நாகர்கோவில் மாநகராட்சி, குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை, கொல்லங்கோடு போன்ற நகராட்சிகள் என்று இருந்தாலும், இந்தக் கணக்கைத் தூக்கி நிறுத்துவது மாவட்டம் முழுக்கக் கிடக்கிற பேரூராட்சிகள்தான். ரப்பர் தோட்டமும் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் குளக்கரையும் கூட இங்கே 'நகரம்'. பேரூராட்சி எங்கே முடிந்தது, ஊராட்சி எங்கே தொடங்கியது என்று போர்டு வைத்தால் ஒழியத் தெரியாது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வாடகை மதிப்பு, அந்தப் பக்கம் தரைப் பரப்பு. ஊராட்சியைப் பக்கத்து நகரத்தோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தால் மக்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விதான்: நூறு நாள் வேலை போய்விடுமா, தீர்வை எவ்வளவு கூடும்? இரண்டும் நியாயமான பயம்.

கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். கேரளத்தில் தரைப் பரப்பை அடிப்படையாக வைத்து வரி போடுகிறார்கள். 2023-லிருந்து 60 சதுர மீட்டர் வரையிலான சொந்தக் குடியிருப்புக்கு விலக்கு உண்டு. இது உள்ளாட்சிக்குப் போவது. அதுபோக, புது வீடு கெட்டினால் வருவாய்த் துறைக்கு ஒருமுறை கட்டட வரி, பெரிய வீடு என்றால் வருஷா வருஷம் கூடுதலாக ஒரு வரி. பாறசாலையில் கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுத் தீர்வையை மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாநில எல்லை பிரிந்த 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே அரசுக்குக் கரம் தீர்த்தவர்கள், அதாவது வரி கட்டியவர்கள், அதனால் அந்த ஒப்பீடு தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் இன்றைக்கு அது இரண்டு வேறு சட்டம், இரண்டு வேறு கணக்கு.

சரி, இதெல்லாம் வேறு வேறு ஊருக்கான காரணம். பெரியம்மை வீடும் எங்கள் வீடும் ஒரே ஊர், ஒரே வார்டு, ஒரே விளை.

இரண்டு ரசீதும் ஒரு காகிதமும்

அம்மையின் ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா முறை, வேறொரு மாவட்டத்தில் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு விசேஷத்துக்கு வந்திருந்தபோது பேச்சு இந்தப் பக்கம் திரும்பியது. அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "ரசீதை வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாது மக்கா. ரெண்டு வரி விதிப்பு எண்ணுக்கும் கணக்கு விவரம் எழுதி வாங்கிட்டு வா, அப்புறம் பாப்போம்" என்றார். அலுவலகத்தில் அதை வாங்குவது சுலபமாக இல்லை. எதுக்கு, யாருக்கு, எந்த வக்கீல் கேட்டார் என்று கேட்டார்கள். ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டின் கணக்கைத் தெரிந்துகொள்ள ஆசைப்படலாம் என்பதே அங்கே புதுசாக இருந்தது. கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள்.

மாமா திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெரியம்மை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டுத் தாளில் ஒரே வரி: வார்ப்பு, குடியிருப்பு, 1,140 சதுர அடி. பெரியம்மை வீட்டுத் தாளில் இரண்டு வரி. முதல் வரி அதேதான். இரண்டாவது வரி: ஓடு, குடியிருப்பு, 110 சதுர அடி. மாமா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "அக்கா, ஓட்டுக் கட்டடம் எங்க இருக்கு?" என்று கேட்டார். பெரியம்மைக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னாள், அது பழைய அடுக்களை. பாட்டா காலத்து வீட்டோடு இருந்தது. புது வீட்டு வேலை முடியும் வரை அதில்தான் சமைத்தார்கள். பால்காய்ச்சுக்குப் பிறகு இடித்து, ஓட்டைக்கூட விற்றாயிற்று. அந்த இடத்தில் இப்போது ஒரு முருங்கையும் துணி துவைக்கிற கல்லும்தான் நிற்கின்றன. புது வீட்டை அளக்க வந்தவர்கள், அன்றைக்கு நின்றுகொண்டிருந்த அடுக்களையையும் சேர்த்து அளந்து எழுதியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்த வரியை யாரும் பார்க்கவில்லை.

மாமா ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அந்தக் காகிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. 2022-க்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு அரையாண்டு வரி 600 ரூபாய். நாங்கள் ஊடுவழியில் இருக்கிறோம், கீழ் மண்டலம். பெரியம்மையின் வாசல் பஸ் போகிற ரோட்டைப் பார்க்கிறது, மேல் மண்டலம். அதனால் அதே 1,140 சதுர அடிக்கு 840. அடுக்களைக்கு ஓட்டு விகிதத்தில் 60. மொத்தம் 900. இதுவரைக்கும் வித்தியாசம் 300 ரூபாய்தான். 2022 ஏப்ரலில் வந்த உயர்வில்தான் எல்லாம் புரண்டது. சென்னை தவிர மற்ற ஊர்களில் அதற்கு முன் கடைசியாக ஏறி நின்றது 2008-இல். நடுவில் 2018-இல் ஒருமுறை ஏற்றி, 2019 கடைசியில் நிறுத்திவைத்தார்கள். பதினைந்தாவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் வைத்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டதும், பல வருஷத்துக்கான உயர்வு ஒரே மூச்சில் வந்தது. அதைப் பரப்பளவை வைத்துப் பிரித்தார்கள். 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100.

எங்கள் வீடு 1,140. ஐம்பது சதவீதம். 600 என்பது 900 ஆனது. பெரியம்மை வீடு இடிந்துபோன அடுக்களையையும் சேர்த்து 1,250. அதனால் 75 சதவீதம். 900 என்பது 1,575 ஆனது. 2023-இல் வந்த விதிகள் வருஷாந்திர உயர்வுக்கும் வழி வைத்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டில் 6 சதவீதம் ஏறியபோது எங்களுக்கு 954, அவளுக்கு 1,670. வித்தியாசம் 716 ரூபாய். மாமா அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ரோட்டைப் பார்த்து இருப்பதற்காக 382. இல்லாத அடுக்களைக்காக 334. அந்த 334-லும் அடுக்களையின் சொந்தக் கணக்கு 95 ரூபாய்தான். மீதி 239 ரூபாய், அது மொத்த வீட்டையும் 1,200-ஐத் தாண்டி இழுத்துப்போனதற்கு.

பெரியம்மை எதுவும் சொல்லாமல் உள்ளே போய் எல்லாருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கும்தான். அப்பா அதுவரை அந்தப் பேச்சில் வாயே திறக்கவில்லை.

ஒரு அடி கூடினால்

அன்றிலிருந்து என்னை விடாமல் பிடித்திருப்பது இந்தப் படிக்கட்டு முறைதான். பெரிய வீட்டுக்கு அதிகம், சின்ன வீட்டுக்குக் குறைவு என்பதில் எனக்கு முழுச் சம்மதம். 600 சதுர அடிக்குள் முடங்கிக் கிடக்கிற குடும்பத்துக்கும், வெளிநாட்டுக் காசில் எழுப்பி, கிழவனும் கிழவியும் மட்டும் காவல் காக்கிற மூன்று மாடிக்கும் ஒரே விகிதம் போட்டால் அதுதான் அநியாயம். ஆனால் வருமான வரியில் என்ன செய்கிறார்கள்? ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்குத்தான் பொதுவாகக் கூடுதல் விகிதம். இங்கே அப்படியில்லை. 1,200-ஐத் தாண்டினால், முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும் 75 சதவீதம் ஏறிவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் 1,190 அடியில் ஒரு வீடு, 1,210 அடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்குப் பழைய வரி 1,000 என்றால் இரண்டாவதற்கு 1,017 இருக்கும். உயர்வுக்குப் பிறகு முதல் வீடு 1,500, இரண்டாவது வீடு ஏறத்தாழ 1,780. இருபது சதுர அடி, அதாவது ஒரு குளியலறை அளவுகூட இல்லை, அதற்கு 280 ரூபாய். இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படாமல் எப்படி இருப்பார்கள்? இதில் யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. விதியே அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஏற்றிய சதவீதம் எல்லாம் பழைய தொகையின் மேல்தான் ஏறியது. பழைய தொகையில் பிழை இருந்தால் பிழையும் சேர்ந்தே வளரும். 2008-இல் அளந்தபோது ஒரு அறையைக் குறைத்து எழுதியிருந்தால் அந்தச் சலுகை இன்றைக்கும் தொடரும். அதற்கப்புறம் மாடி எடுத்து, யாரும் அளக்க வராத வீடு பழைய கணக்கிலேயே நிற்கும். நேற்று வீடு கெட்டி, பிளான் அனுமதி வாங்கி, ஒழுங்காக அளந்து போட்டவர் முழுத் தொகையும் கட்டுவார். ஒரே தெருவில் ஒரே மாதிரி வீடுகளுக்குள் நாம் பார்க்கிற ஏற்றத்தாழ்வுக்கு, எப்போது அளந்தார்கள் என்பதும் ஒரு பெரிய காரணம் என்று மாமா சொன்னார். அளவு நாடாவைப் பிடிக்கிறவர் மனசு வைத்தால் நாடா நீளும், சுருங்கும், அதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அவர் அனுபவத்தில் ஆட்கள் செய்த தப்பைவிட, அளந்துவிட்டு அப்புறம் திரும்பிப் பார்க்காமல் விட்டதுதான் அதிகம்.

ரோட்டைப் பார்த்த வீடு

பெரியம்மையின் மனுவை நான்தான் எழுதினேன். பழைய அடுக்களை நின்ற இடத்தின் போட்டோ, வீட்டின் பிளான், பழைய ரசீதுகள் எல்லாம் வைத்தோம். நாள் பிடித்தது. ஆனாலும் ஒருவர் நாடாவோடு வந்தார், அளந்தார், இரண்டாவது வரியை நீக்க எழுதிக்கொண்டு போனார். அடுத்த அரையாண்டிலிருந்து 1,336 ரூபாய் என்று வந்தது. 2022-லிருந்து அதிகமாகக் கட்டியதை வருகிற வரியில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 2019-இல் உயர்வை நிறுத்திவைத்தபோது, கூடுதலாக வாங்கியதை அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொடுக்கத்தான் அரசு சொன்னது. அப்போது முடிந்தது ஒரு வீட்டுக்கு இப்போது முடியாதா? பதில் இன்னும் வரவில்லை.

மீதி 382 ரூபாயைப் பற்றித்தான் பெரியம்மை இப்போதும் பேசுகிறாள். அதில் அவள் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன், மாமா ஒப்புக்கொள்ளவில்லை. மாமா சொல்வது இது: ரோட்டோரம் இருந்தால் வீட்டுக்கு வாடகை கூடக் கிடைக்கும், முன்னறையைக் கடைக்கு விடலாம், விற்றால் நல்ல விலை வரும். ஆகவே கூடுதல் வரி சரி. பெரியம்மை கேட்பது இது: "நானா ரோட்டுக்கிட்ட போனேன்? ரோடுல்லா என்கிட்ட வந்தது." அது பாட்டா காலத்தில் மாட்டுவண்டி போகிற வழி. ரோடு அகலமானபோது முன்வாசலில் பாதி போயிற்று. இப்போது அவளுக்கு அந்த ரோட்டால் கிடைப்பது லாரிப் புழுதியும், ராத்திரித் தூக்கக் கேடும். அவள் வீட்டை வாடகைக்கு விடப்போவதில்லை, கடை வைக்கப்போவதில்லை, கண்ணை மூடும் வரை விற்கப்போவதும் இல்லை. கையில் வராத வாடகைக்கு, பென்ஷனில் இருந்து வரி கட்டுகிறாள். எங்கள் ஊடுவழியிலும் ஒரு வீட்டுக்குக்கூட வாடகைக்கு ஆள் வந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் சொந்தக் குடியிருப்பு. அப்படிப்பட்ட இடத்தில் வாடகை மதிப்பு என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொள்கிற ஒரு தொகை. வாடகைக்கு ஆள் அலைகிற நகரத்துக்கு இது பொருந்தும். பேரூராட்சி என்று பெயர் வைத்துவிட்டதாலேயே விளைக்கும் தோப்புக்கும் பொருந்திவிடாது. வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெருவிளக்கும் ஓடையும் தண்ணீரும் குப்பை வண்டியும் அந்தக் காசில்தான் ஓடுகின்றன. சொந்தமாகக் குடியிருக்கிற முதியவர்கள், வருமானமே இல்லாத வீடுகள் என்று பார்த்து மண்டல வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் ஒன்று சொல்கிறேன். அரையாண்டு தொடங்குகிற ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அதைத் தவறவிடாமல் கட்டிவிட்டு, கணக்கு விவரத்தையும் எழுதிக் கேளுங்கள். எந்த மண்டலம், எத்தனை சதுர அடி, எந்த வகைக் கட்டடம், எந்த வருஷம் அளந்தது என்ற நான்கும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பேரூராட்சியானாலும் மாநகராட்சியானாலும் இது உங்கள் வீட்டுக் கணக்கு, கேட்பதில் தயங்க ஒன்றும் இல்லை. மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கும் வங்கிக் கடனுக்கும் தீர்வை ரசீதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

எங்கள் வார்டு கவுன்சிலரிடம் பெரியம்மை இரண்டாவதாக ஒரு மனு கொடுத்திருக்கிறாள். மண்டலத்தை மாற்றுவதென்றால் மன்றத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அவர் சொன்னார். சரி, அது நடக்கிறபோது நடக்கட்டும், அதுவரைக்கும் இதையாவது செய்யுங்கள் என்று மனுவில் ஒரு வாக்கியத்தை அவளே சேர்க்கச் சொன்னாள்: எந்தெந்தத் தெரு எந்த மண்டலம், சதுர அடிக்கு என்ன மதிப்பு, இந்த இரண்டையும் அலுவலகத்து முன்சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.